சென்னை சிட்டி எஃப்சி 2018-19: கோப்பை கோவைக்கு வந்தது, கிளப் ஏன் நிலைக்கவில்லை?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. ஐரோப்பியக் கிளப்புகளின் ஒவ்வொரு சீசனுக்கும் இங்கே பக்கம் பக்கமாக இழை ஓடுகிறது. நம்ம ஊர் மைதானத்தில் ஆடி, ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீக்கின் பட்டத்தையே வாங்கிய ஒரு அணியைப் பற்றி முழுசாக ஒரு இழை இல்லை. அதனால் தொடங்குகிறேன்.

புதுசாக வருபவர்களுக்குச் சுருக்கமாகக் கதை. சென்னை சிட்டி 2016-இல் மினர்வா பஞ்சாபோடு சேர்ந்து நேரடியாக ஐ-லீக்கில் இடம் பெற்ற அணி. முதல் இரண்டு சீசனும் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் கிடந்தது. 2018-இல் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச்சாக வந்தார். ஸ்பெயினின் கீழ்ப்பிரிவு லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த ஆட்கள் வந்தார்கள்: நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா, கோல்கீப்பர் நவுசெட். கூடவே உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்சி. அந்தப் பெயர்களை இங்கே யாரும் அதற்கு முன் கேட்டதே இல்லை.

2018 அக்டோபர் 26, முதல் ஆட்டம், கோவை நேரு ஸ்டேடியம். இந்தியன் ஏரோஸை 4-1. மான்சி ஹாட்ரிக். அன்றைக்கு ஆரம்பித்தது சீசன் முடியும்வரை நிற்கவில்லை. 20 ஆட்டம், 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 48 கோல், 43 புள்ளி. இரண்டாவதாக வந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42. மான்சி 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21.

ஆட்டம் எப்படி இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். ஐ-லீக்கில் அப்போது நிறைய அணிகள் பின்னால் இருந்து உயரமாகத் தூக்கி அடித்து, முன்னால் நிற்கிற பலசாலி வெளிநாட்டு ஆளைத் தேடும். இவர்கள் நவுசெட் காலில் இருந்தே பாஸ் தொடங்குவார்கள். எதிரணி நெருக்கினாலும் அதையேதான் செய்வார்கள். 28 கோல் வாங்கியதும் அந்தத் துணிச்சலால்தான். நெஸ்டர் பந்தை வாங்கித் திரும்பினால் ஸ்டேடியத்தில் சத்தம் ஏறும், கோல் வருமா வராதா என்பது அப்புறம்.

இரண்டே வருஷத்தில் இந்த கிளப் தேசிய லீக்கிலேயே இல்லை. அதற்கு என்ன காரணம் என்று பேசலாம். என் கருத்து நேராகவே சொல்கிறேன்: ஐ-லீக் ஜெயித்த அணிக்கு, இன்னொரு தேசிய லீக்கான ஐஎஸ்எல்லுக்கு (இந்தியன் சூப்பர் லீக்) ஏறிப்போக மேலே படி இல்லை. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

---

ராயபுரம்_ரசிகன்

நல்ல இழை நண்பா. நான் ஐஎஸ்எல்லில் ஆடும் வேறொரு அணியான சென்னையின் எஃப்சி (Chennaiyin) ஆள், மறைக்கவில்லை. அந்த சீசனில் எங்களுக்கு வலி இன்னும் ஜாஸ்தி. 2018 மார்ச்சில் ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கினோம். அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். அதே மாதங்களில் நீங்கள் கோவையில் ஜெயித்துக்கொண்டே போனீர்கள். ஒரே வருஷ இடைவெளியில் இரண்டு தேசியப் பட்டமும் தமிழ்நாட்டுக்கு வந்தது. மேற்கு வங்கத்தைத் தவிர வேறு எந்த மாநிலம் அதைச் செய்தது?

ஆனால் "படி இல்லை" என்பது மட்டும்தான் காரணம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோகுலம் கேரளா 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஐ-லீக் ஜெயித்தது. அவர்களுக்கும் மேலே போக வழி இல்லை. ஆனால் கிளப் நின்றது. அப்போ உங்களுக்கு மட்டும் என்ன ஆச்சு?

---

பீளமேடு_11

முதலில் அந்த சீசனைக் கொஞ்சம் பேசலாமுங்க, சண்டை அப்புறம் வச்சுக்கலாம் :)

நான் அப்ப காலேஜ். வ.உ.சி. பூங்கா பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கினா ஸ்டேடியம். ஆடுகளத்தைச் சுத்தி ஓட்டப்பாதை இருக்கறதால கேலரியில இருந்து ஆட்டம் தூரமாத்தான் தெரியும். ஆனாலும் சனி ஞாயிறுல குடும்பத்தோட வர்ற கூட்டம், காலேஜ் பசங்க, கேரளாவுல இருந்து இங்க வேலைக்கு வந்த சேட்டன்மார்னு நல்லா நிறையும். கோகுலம் வந்தா எந்தப் பக்கம் கத்தறதுன்னு அவங்களுக்கே குழப்பம்.

டிவியைப் பத்தி யாராவது சொல்லணும். அந்த சீசன் எல்லா ஆட்டமும் டிவியில வரல. பாதி சீசன்ல ஒளிபரப்பைக் குறைச்சாங்க. லீக்குல முதலிடத்துல இருக்கற டீமோட ஆட்டத்தைப் பார்க்க வழியில்லாம ஸ்கோர் மட்டும் போன்ல புதுப்பிச்சுப் புதுப்பிச்சுப் பார்த்துட்டு இருந்தோம். டிவியில வராத டீமுக்கு எந்த கம்பெனி ஜெர்ஸியில காசு போடும்? நொய்யல்கரை அண்ணா சொல்ற படி விஷயத்துக்கு முன்னாடியே இது நடந்துச்சுங்க.

---

ஹாஜ்ரா_சாலை

நான் பல வருஷமாகக் கொல்கத்தாவில் இருக்கும் தமிழன். மனசு ஈஸ்ட் பெங்கால். அதனால் அந்தக் கடைசி நாளை மறுபக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

2003-04-க்குப் பிறகு எங்களுக்கு லீக் பட்டமே இல்லை. நூற்றாண்டு நெருங்குகிறது. அலெஹாண்ட்ரோ மெனெண்டஸ் கோச். ஜோபி ஜஸ்டின் நல்ல ஃபார்மில் இருந்தார், பிறகு தடை விழுந்து கடைசி ஆட்டங்களில் இல்லை. அப்படியும் விடவில்லை. மார்ச் 1-ஆம் தேதி நீங்கள் கோவாவில் சர்ச்சிலிடம் 2-3 என்று தோற்றதும் இங்கே தெருவெல்லாம் உயிர் வந்தது.

மார்ச் 9. நீங்கள் 40, நாங்கள் 39. நீங்கள் கோவையில் மினர்வாவோடு, அதாவது போன வருஷ சாம்பியனோடு. நாங்கள் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு. மூணாவது நிமிஷமே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல். இங்கே பட்டாசு வெடித்தார்கள். ஆனால் சமப்புள்ளி வந்தால் நேரடி மோதல் கணக்கில் நீங்கள்தான் முன்னால், எங்களை இரண்டு முறையும் தோற்கடித்திருந்தீர்கள். அதனால் நாங்கள் ஜெயித்தே ஆகணும். எங்கள் ஆட்டமோ 0-0.

இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் 1-1. பிறகு கௌரவ் போரா 2-1. கிட்டத்தட்ட அதே நேரத்தில் கோழிக்கோட்டில் மார்கஸ் ஜோசஃப் எங்களுக்கு எதிராக அடித்தார். முடிந்தது என்று பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து போனார். அப்புறம் ஹைமே சாண்டோஸ் பெனால்டி, 85-இல் லால்டன்மாவியா ரால்டே. 2-1 எங்களுக்கு.

அந்தச் சில நிமிஷங்களை யோசித்துப் பாருங்கள். கோவையில் மினர்வா ஒரு கோல் அடித்தால் நீங்கள் 41, நாங்கள் 42, பட்டம் எங்களுக்கு. கூடுதல் நேரத்தில் போரா மறுபடி அடித்து 3-1 ஆக்கும்வரை யாரும் உட்காரவில்லை. 20 ஆட்டத்துக்குப் பிறகு வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி.

எதிரணி ஆளாகச் சொல்கிறேன், அந்தப் பட்டத்துக்கு நீங்கள்தான் தகுதியானவர்கள்.

---

நொய்யல்கரை

@ஹாஜ்ரா_சாலை, இதை எழுதியதற்கு நன்றி சார். போரா டிஃபெண்டர். அந்த இரண்டு கோலும் அவர் காலில், தலையில் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. எல்லாரும் மான்சியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

---

கடலோரக்_கால்பந்து

கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர் பக்கம். இங்கே கடற்கரை ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு அணி உண்டு, கிறிஸ்துமஸ், ஊர்த் திருவிழாவுக்கு டோர்னமெண்ட் உண்டு. அந்த மண்ணில் இருந்து சென்னை சிட்டிக்குப் போனவர்தான் மைக்கேல் சூசைராஜ். அவர் சகோதரர் ரெஜினும் அங்கேதான் ஆடினார். பட்டம் வந்த சீசன் தொடங்கும் முன்பே சூசைராஜ் ஜம்ஷெட்பூருக்கு ஐஎஸ்எல் ஆடப் போய்விட்டார்.

ஸ்பெயின்காரர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், சரிதான். ஆனால் விதிப்படி களத்தில் பெரும்பங்கு இந்தியர்கள். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் காமராஜ் இவங்கெல்லாம் யார்? தமிழ்நாட்டுப் பிள்ளைகள். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியும் டிபார்ட்மெண்ட் வேலையும்தான் இங்கே ஒரு கால்பந்து வீரனுக்கு மிச்சம் என்று இருந்த இடத்தில், சொந்த மாநிலத்தில் ஒரு தொழில்முறை அணியில் வாரம் தவறாமல் முழு 90 நிமிஷம் ஆடினார்கள். நம்ம பையன் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுக்கிற அணியில்லை இது.

அதன் பலனைப் பாருங்கள். எட்வின் சென்னையினுக்குப் போனார். ரொமாரியோ கோவாவுக்கு. அஜித் பெங்களூருவுக்கு. போரா ஒடிஷாவுக்கு. ஒரு சீசன், ஐஎஸ்எல்லுக்கு இத்தனை பேரைத் தயாராக்கிக் கொடுத்திருக்கிறது.

கிளப் போனதால் எனக்கு வரும் கோபம் பட்டத்தைப் பற்றியது இல்லை. இன்றைக்கு 19 வயசில் இருக்கும் பிள்ளை அந்த 90 நிமிஷத்துக்கு எங்கே போவான்? எங்க ஊர்ப் பசங்க கேரளாவுக்கும் கோவாவுக்கும் ட்ரையல்ஸுக்கு ரயில் ஏறுகிறார்கள்.

---

ராயபுரம்_ரசிகன்

@கடலோரக்_கால்பந்து, அண்ணே, இது உண்மை. எட்வின் எங்ககிட்ட வந்தப்போ எந்த இடத்தில் போட்டாலும் ஆடினார்.

---

நொய்யல்கரை

இப்போது களத்துக்கு வெளியே நடந்ததைச் சொல்கிறேன். இதைத் தெரிந்துகொண்டால்தான் ராயபுரம் கேட்ட கேள்விக்குப் பதில் வரும்.

2019 தொடக்கத்தில், சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. சாம்பியன்ஸ் லீக் ஆடிய கிளப், முகமது சலா ஆடிய கிளப். உரிமையாளர் ரோஹித் ரமேஷ் அகாடமி பற்றியெல்லாம் பேசினார். எங்களுக்குப் பெரிய நம்பிக்கை. அங்கேயோ பாசல் ரசிகர்கள் கேலரியில் எதிர்ப்புக் காட்டினார்கள், நம் பணம் ஏன் இந்தியாவுக்குப் போகணும் என்று. அவர்கள் பார்வையில் அது நியாயம்தான், அவர்கள் அணியே அப்போது சறுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு முதலீடு இரண்டு பக்கமும் வேர்விடாமல் நிற்க முடியாது.

2019 மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஐ-லீக் கிளப்புகள் பல சேர்ந்து, எங்கள் எதிர்காலம் என்ன என்று இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பிடம் கேட்டன. இரண்டு லீக்கின் அணிகளும் ஆடும் சூப்பர் கப்பைப் புறக்கணித்தன. ஆனால் சென்னை சிட்டி அதில் ஆடி, காலிறுதியில் அப்போதைய ஐஎஸ்எல் சாம்பியன் பெங்களூருவை 2-1 என்று வீழ்த்தியது! அரையிறுதியில் கோவாவிடம் 0-3. இரண்டு லீக்கின் சாம்பியன்களும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்ற கேள்விக்குக் களத்திலேயே பதில் வந்தது. சில மாதங்களில் அந்தப் பதிலுக்கு மதிப்பே இல்லாமல் போனது. 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பான ஏஎஃப்சி ஒப்புக்கொண்ட திட்டப்படி ஐஎஸ்எல் முதல் நிலை. ஐ-லீக் ஜெயித்தவர் கட்டணம் இல்லாமல் மேலே போவது 2022-23 சீசனில் இருந்துதான்.

அந்த இடைவெளியில் என்ன ஆகும்? நெஸ்டர் ஐஎஸ்எல் பக்கம் போனார், ஒப்பந்தத் தகராறு கூட்டமைப்பின் குழுவரை போய், அவருக்கு 2020 ஜனவரிவரை தடை. மான்சி 2020 ஜனவரியில் ஜப்பானுக்கு, அல்பிரெக்ஸ் நீகாடாவுக்கு. அதே மாதம் ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று, பஹ்ரைனின் அல் ரிஃபாவோடு. ஆசியாவின் பெரிய போட்டி, நம்ம அணி, சொந்த மைதான ஆட்டம். ஆடியது எங்கே? அகமதாபாத்தில். 0-1 தோல்வி. கோவையில் இருந்து எத்தனை பேர் போயிருக்க முடியும்? மார்ச்சில் ஏஎஃப்சி கோப்பையில் மாலத்தீவின் மாசியாவோடு 2-2. அப்புறம் கொரோனா, போட்டியே ரத்து.

2020-21 சீசன் முழுக்க மேற்கு வங்கத்தில் பூட்டிய அரங்குகளில். 2021-இல் கிளப் உரிமத் தேர்வில் தேறவில்லை. அடுத்த ஐ-லீக்கில் பெயர் இல்லை.

வரிசையைப் பாருங்கள். பட்டம் வாங்கிய அணியின் ஒவ்வொரு ஆளுக்கும் வெளியே போகக் காரணம் இருந்தது. இருக்க ஒரே ஒரு காரணமும் இல்லை. ஏறும் வழி இருந்திருந்தால் அது ஒரு காரணமாக இருந்திருக்கும்.

---

கணக்கர்

தொழில் முறையில் நான் தணிக்கைத் துறை. கால்பந்தும் பிடிக்கும். இரண்டு பக்கத்தையும் படித்தேன்.

உரிமத் தேர்வு என்றதும் ஏதோ காகித வேலை என்று நினைக்கிறார்கள். ஏஎஃப்சி வகுத்த அளவுகோல் ஐந்து பிரிவு: விளையாட்டு, உள்கட்டமைப்பு, ஆட்களும் நிர்வாகமும், சட்டம், நிதி. வயதுவாரி இளையோர் அணிகள் வேண்டும். தகுதியுள்ள ஸ்டேடியத்தைப் பயன்படுத்த எழுத்தில் உரிமை வேண்டும். முழுநேர அலுவலர்கள், உரிய சான்றிதழ் உள்ள பயிற்சியாளர்கள் வேண்டும். தணிக்கை செய்த கணக்கு, நிலுவை இல்லை என்ற நிரூபணம் வேண்டும். இவற்றில் எதுவும் ஒரு நல்ல ஸ்ட்ரைக்கரை வாங்குவதால் வராது.

வருமானத்தைப் பாருங்கள். ஐ-லீக் கிளப்புக்குத் தொலைக்காட்சிப் பங்கு என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. அரசு ஸ்டேடியத்தில் டிக்கெட் விலையை ஏற்ற முடியாது. வெளியூர்ப் பயணம் ஐஸால், ஸ்ரீநகர், இம்பால் என்று போகும், விமானச் செலவு மட்டுமே கண்ணைக் கட்டும். ஆக உரிமையாளர் கைக்காசு, விளம்பரதாரர், வீரரை விற்று வரும் தொகை, இந்த மூன்றுதான். மேல் லீக்குக்குப் போகலாம் என்ற வாய்ப்பு இருந்தால் முதலீட்டாளரிடம் காட்ட ஒரு திட்டம் இருக்கும். அது இல்லை என்றால் வருஷா வருஷம் இழப்பு, அதன் முடிவில் என்ன? பதில் இல்லை. இந்த இடத்தில் நொய்யல்கரை சொல்வதை ஏற்கிறேன்.

ஆனால் கோகுலத்தை ராயபுரம் கேட்டது சரியான கேள்வி. அவர்களுக்குப் பின்னால் கேரளாவில் ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஸ்ரீ கோகுலம் குழுமம். அணியின் பெயர் ஓடினால் அது தொழிலுக்கும் விளம்பரம், இழப்பைத் தாங்க அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கோழிக்கோட்டில் கால்பந்துக் கூட்டமும் கிளப்புக்கு முன்பிருந்தே உண்டு. சென்னை சிட்டிக்கு இரண்டும் கிடையாது. கதவு மூடியிருந்தது எல்லாருக்கும், அதைத் தாங்கும் தெம்பு ஒரே அளவில் இல்லை.

---

பீளமேடு_11

கணக்கர் சார் சொன்னதுல ஒண்ணு சேர்க்கறேன். பேருங்க. டீம் பேர் சென்னை, ஆடறது கோயமுத்தூர். சென்னையில இருக்கறவங்களுக்கு அவங்க டீம் வேற. இங்க இருக்கற பம்ப்செட் கம்பெனி, மில்லுக்காரங்க கிட்டப் போய் "நம்மூரு டீம்"னு கேட்கறப்ப, போர்டுல சென்னைன்னு இருந்தா எப்படிக் கொடுப்பாங்க? ஜெயிச்ச அன்னைக்கு ஊரே கொண்டாடுச்சு, பொய் சொல்லல. ஆனா கிளப் போனப்ப ஊர்ல இருந்து ஒரு குரல் வரல. எனக்கு அது தாங்க முடியாத விஷயம்.

---

ராயபுரம்_ரசிகன்

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஐஎஸ்எல்லைத் திட்டினால் கைதட்டல் வரும். ஆனால் 2016-இல் சென்னை சிட்டி எப்படி ஐ-லீக் வந்தது? கீழ் லீக்கில் இருந்து ஜெயித்து வரவில்லை, நேரடி அனுமதி. கதவு திறந்து உள்ளே வந்தவர்கள், அடுத்த கதவும் திறக்கணும் என்று எதிர்பார்ப்பது...

---

நொய்யல்கரை

ராயபுரம், இந்த இடத்தில் கடுமையாக மறுக்கிறேன். வந்தது அனுமதியால், சரி. 2019-இல் கேட்டது அனுமதியை இல்லை. 20 ஆட்டம் ஆடி, ஸ்ரீநகர் குளிரிலும் கொல்கத்தா கூட்டத்திலும் ஆடி, எல்லாரையும் விட அதிகப் புள்ளி எடுத்தார்கள். அதன் பலன் இருக்கணும் என்று கேட்பதும் பணம் கட்டி நுழைவதும் ஒன்றாகாது. உங்கள் கிளப் உட்பட ஐஎஸ்எல்லில் இருந்த ஒருவர்கூடக் கீழிருந்து ஜெயித்து வரவில்லையே. நீங்கள் 9 புள்ளியோடு கடைசியில் நின்ற சீசனில் கீழே இறங்கும் பயம் இல்லை. நாங்கள் 43 புள்ளியோடு நின்றபோது மேலே போகும் வழி இல்லை. உங்கள் மேல் கோபம் இல்லை, உங்கள் அணி நன்றாக இருக்கணும். ஆனால் இது இரண்டையும் ஒரே மாநிலத்தில், ஒரே வருஷத்தில் பார்த்தோம்.

இன்னொன்று. மார்ச் 9 அன்று கோவையில் 1-3 என்று தோற்ற மினர்வா பஞ்சாப் என்ன ஆனது? 2020-இல் ரவுண்ட்கிளாஸ் நிறுவனம் எடுத்தது. 2022-23 ஐ-லீக்கை ஜெயித்தார்கள். கட்டணமில்லாமல் ஐஎஸ்எல்லுக்கு ஏறினார்கள், முதல் ஆளாக. அடுத்த வருஷம் கொல்கத்தாவின் முகமதன் கிளப். சென்னை சிட்டியோடு சேர்ந்து 2016-இல் அதே வாசல் வழியாக உள்ளே வந்த கிளப் பஞ்சாப். படி வந்தபோது அவர்கள் களத்தில் இருந்தார்கள், நாம் இல்லை.

---

ஹாஜ்ரா_சாலை

இந்த வாதத்தில் கொல்கத்தாவையும் சேருங்கள். 2020-இல் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் ஐஎஸ்எல்லுக்குப் போனது பட்டத்தால் இல்லை. ரசிகர் பலமும் முதலீட்டாளரும் இருந்ததால். மோகன் பகான் 2019-20 ஐ-லீக் சாம்பியன்தான், ஆனால் போனது ஐஎஸ்எல் அணியான ஏடிகே-யோடு இணைந்து. நாங்கள் போனது கடைசி நேரத்தில் முதலீட்டாளர் கிடைத்ததால். பெரிய கிளப்புக்கு எப்போதும் ஒரு பக்கவாசல் உண்டு. சின்ன கிளப்புக்குப் புள்ளிப் பட்டியல்தான் ஒரே வாசல். 2017-இல் ஐஸால், 2018-இல் மினர்வா, 2019-இல் நீங்கள் என்று மூன்று வருஷம் தொடர்ந்து சின்ன கிளப்புகள் அந்த வாசலில் வந்து தட்டின. அப்போதே திறந்திருக்க வேண்டும். ஈஸ்ட் பெங்கால்காரனாகவே சொல்கிறேன்.

---

ராயபுரம்_ரசிகன்

@நொய்யல்கரை, 9 புள்ளிக் கணக்கு நியாயம், அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. இறங்கும் பயம் இருந்திருந்தால் எங்கள் நிர்வாகமும் ஜனவரியில் வேறு மாதிரி யோசித்திருக்கும்.

ஆனாலும் உரிமத் தேர்வை ஒதுக்கி வைக்க முடியாது. 2023-இல் படி வந்தபோது பஞ்சாப் மேலே போகப் பட்டம் மட்டும் போதவில்லை, அந்த ஐந்து பிரிவிலும் தேறவும் வேண்டியிருந்தது. ஒரு வாதத்துக்காகக் கேட்கிறேன், 2019-லேயே படி இருந்திருந்தால், நேரு ஸ்டேடியத்தை வைத்துக்கொண்டு சென்னை சிட்டி தேறியிருக்குமா? ஏஎஃப்சி ஆட்டத்துக்கே அகமதாபாத் போக வேண்டியிருந்ததே.

---

கடலோரக்_கால்பந்து

ஸ்டேடியம் கிளப்புடையது இல்லையே தம்பி. அரசு இடம். வீரன் என்ன செய்வான், கோச் என்ன செய்வார்? ஒரு மாநிலத்து அணி தேசியப் பட்டம் வாங்கிய பிறகும் அந்த ஒரே ஒரு மைதானத்தை ஆசியத் தரத்துக்குக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை என்பதும் இந்தக் கணக்கில் வரணும்.

---

பீளமேடு_11

கணக்கர் சார், ஒரு கேள்வி. இப்ப ஐ-லீக்குக்குக் கீழ நிலைகள்ல இருந்து ஜெயிச்சு ஏற வழி இருக்குன்னு சொல்றாங்க. நாளைக்கு கோயமுத்தூர்ல நாலு பேர் சேர்ந்து மறுபடி ஒரு கிளப் ஆரம்பிச்சா முதல்ல என்ன செய்யணும்? நெசமாத்தான் கேட்கறேன், எங்க பழைய காலேஜ் டீம் ஆளுங்க கிட்ட இந்தப் பேச்சு ஓடிட்டு இருக்கு.

---

கணக்கர்

தம்பி, நல்ல கேள்வி. வரிசையாகச் சொல்கிறேன்.

பெரியவர்கள் அணிக்குக் கை வைக்காதீர்கள். முதலில் 13 வயது, 15 வயது அணி. செலவு குறைவு, உரிமத்துக்கும் பின்னால் அதுவே ஆதாரம், அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்தான் உங்கள் முதல் ரசிகர்கள். மாவட்டச் சங்கத்தில் பதிவு. மைதானம் வாய்மொழியாக வேண்டாம். பள்ளியோ கல்லூரியோ எதுவானாலும், பல வருஷத்துக்கு எழுத்தில் வாங்குங்கள். முதல் நாளில் இருந்து கணக்குப் புத்தகம் தணிக்கைக்குத் தயாராக இருக்கட்டும். ஒரே ஆள் பணத்தில் ஓட்டாதீர்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் பத்துப் பதினைந்து உள்ளூர் நிறுவனங்கள் இருந்தால், ஒருவர் விலகினாலும் கிளப் விழாது.

கிளப்பின் சட்ட வடிவம் பற்றித் தனியாக எழுதுகிறேன். சங்கமா, நிறுவனமா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யணும், பிறகு மாற்றுவது பெரிய தொந்தரவு.

---

நொய்யல்கரை

பீளமேடு, பேரில் கோவை இருக்கட்டும். பயிற்சி எங்கே, எந்த நாள் என்று சொல்லுங்கள், நான் வருகிறேன். கடலோர அண்ணே, ட்ரையல்ஸ் வைத்தால் உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லி அனுப்புங்கள்.

---

கடலோரக்_கால்பந்து

கண்டிப்பா. தங்க இடம் மட்டும் ஏற்பாடு செய்யுங்கள், பிள்ளைகள் வருவார்கள்.